25-ஆம் ஆண்டுக் குழுக் கண்காட்சி: 30 கலைஞர்கள், 58 மீட்டர் சுவர்

#1 வெண்சுவர்

வணக்கம் நண்பர்களே. ஒரு கலைக்கூடத்தின் 25-ஆம் ஆண்டு நிறைவுக்கு சமகாலக் கலைஞர்களின் குழுக் கண்காட்சி. மொத்தம் 30 பேர்: சுவரில் மாட்டும் படைப்புகள் செய்கிறவர்கள் 24 (எண்ணெய், அக்ரிலிக், நீர்வண்ணம், அச்சு, புகைப்படம் எல்லாம் கலந்து), சிற்பிகள் 4, வீடியோ 2. மூன்று அறைகள். கதவு, ஜன்னல், ஸ்விட்ச் பலகை எல்லாம் கழித்து நேர்ச்சுவர் 58 மீட்டர். விளக்குத் தடம் 3.6 மீட்டர் உயரத்தில். 45 நாள் திறந்திருக்கும், நாளுக்கு 8 மணி நேரம்.

ஆளுக்கு இரண்டு படைப்பு கேட்கலாமா? அறைகளை ஆண்டு வரிசையில் பிரிப்பதா? எதை எப்போது தொடங்க வேண்டும்? விவரமாக எழுதுங்கள்.

#2 மூலைமட்டம்

ஆளுக்கு இரண்டு என்று அழைப்புக் கடிதம் போட்டுவிடாதீர்கள். முதலில் சுவரை எண்ணுங்கள், பெயர்களைப் பிறகு எண்ணலாம். ஆண்டு விழாக் கண்காட்சிகள் கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். யாரையும் விடக்கூடாது என்ற நல்ல மனசில் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டு, மாட்டும் நாளில் சுவர் போதாமல் முழிக்கிறார்கள்.

கணக்கு இதுதான். அறிமுக வாசகத்துக்கு 2 மீட்டர், வீடியோ திரையிடும் சுவருக்கு 4 மீட்டர் ஒதுக்குங்கள். மிச்சம் 52. படம் அடைக்கும் நீளம் சுவரில் பாதியைத் தாண்டக்கூடாது, ஆக 26 மீட்டர். சட்டத்தோடு சேர்த்துச் சராசரி அகலம் 90 செ.மீ. என்றால் 28 படம். 24 பேருக்கு ஆளுக்கு ஒன்று போக, நான்கு இடம்தான் மிஞ்சும். ஆளுக்கு இரண்டு கேட்டால் 48 படம், 43.2 மீட்டர். சுவரில் 83 சதவீதம் அடைந்துவிடும்.

ஏன் பாதி? 90 செ.மீ. படத்தைப் பார்க்க ஒருவர் ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நிற்பார். அந்தத் தூரத்தில் பக்கத்துப் படம் 15 செ.மீ. தள்ளி இருந்தால் அதுவும் கண்ணுக்குள் வந்துவிடும். எதையும் தனியாகப் பார்க்க முடியாது.

இன்னொன்று. கலைஞர்கள் கேன்வாஸ் அளவைத்தான் எழுதி அனுப்புவார்கள். சட்டம் பக்கத்துக்கு 5 செ.மீ. என்றால் படத்துக்கு 10 செ.மீ. கூடும். 28 படத்துக்கு 2.8 மீட்டர், அதாவது மூன்று படத்தின் இடம் காணாமல் போகும். அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்: சட்டத்தின் வெளி அளவு, ஆழம், எடை, தொங்கவிடப் பின்னால் என்ன (கம்பியா, வளையமா) பொருத்தி இருக்கிறது.

அப்புறம் 1:20 அளவில் அட்டை மாதிரி ஒன்று செய்யுங்கள். 58 மீட்டர் சுவர் 2.9 மீட்டர் அட்டையாகிவிடும், 90 செ.மீ. படம் 4.5 செ.மீ. துண்டாகிவிடும். படங்களை அந்த அளவில் அச்செடுத்து, பசைப்புட்டி வைத்து ஒட்டி, மாற்றி மாற்றிப் பாருங்கள். கணினியிலும் செய்யலாம்தான். ஆனால் நாலு பேர் மேசையைச் சுற்றி நின்று கையால் நகர்த்தும்போது வரும் தெளிவு திரையில் வராது.

#3 அச்சுத்தாள்

பாதி வெறுமையாக விட வேண்டும் என்பது பெரிய படங்களுக்குச் சரி. அச்சும் கோட்டோவியமும் அப்படி இல்லை. ஒரே அளவில் 30 × 40 செ.மீ. சட்டங்கள் 12 இருந்தால், 4 நெடுவரிசை, 3 கிடைவரிசையாக, 6 செ.மீ. இடைவெளியில் மாட்டுங்கள். அகலம் 4 × 30 + 3 × 6 = 138. உயரம் 3 × 40 + 2 × 6 = 132. கட்டத்தின் நடுவைத் தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் வைத்தால் மேல் விளிம்பு 216, கீழ் விளிம்பு 84. ஒன்றரை மீட்டர் சுவரில் 12 அச்சு. கூட்டமாகவே தெரியாது, ஒரே படைப்பாகத் தெரியும்.

ஒரே நிபந்தனை, சட்டங்கள் எல்லாம் ஒரே கடையில் ஒரே நாளில் வெட்டியவையாக இருக்கட்டும். 2 மி.மீ. வித்தியாசம் தனியாக மாட்டும்போது தெரியாது, கட்டம் கட்டமாக மாட்டும்போது கண்ணைக் குத்தும்.

#4 மூலைமட்டம்

@அச்சுத்தாள் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் இரண்டு கலைஞர்களைக் கலக்காதீர்கள். கட்டம் ஒரு கையின் வேலையாக இருந்தால்தான் நிற்கும். ஆறு பேரின் சிறு படங்களை நெருக்கிக் கட்டமாக்கினால் "இவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை" என்று சுவரே சொல்லும்.

#5 நடுக்கோடு

ஆண்டு வரிசையில் பிரிக்கும் கேள்விக்கு வருகிறேன். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஆண்டு வரிசை அருங்காட்சியகத்தின் தேவை. கலைக்கூடத்தின் 25 ஆண்டு என்பது யார் எப்போது வந்தார் என்ற பதிவேடு மட்டும் இல்லை. 1-ஆம் ஆண்டு காட்டியவரும் 24-ஆம் ஆண்டு காட்டியவரும் ஒரே கேள்வியைத்தான் தங்கள் ஊடகத்தில் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த இரண்டு படத்தையும் ஒரே சுவரில் வைக்கும்போதுதான் கூடம் இத்தனை வருடம் எதைத் தேடிக்கொண்டிருந்தது என்பது புரியும். ஆண்டு வரிசை அந்த இருவரையும் வேறு வேறு அறையில் கொண்டுபோய்ப் பிரித்துவிடும். மூத்தவர்கள் எல்லாம் முதல் அறையில், புதியவர்கள் கடைசி அறையில் என்று ஒரு படிநிலையும் தானாக வந்து உட்கார்ந்துவிடும்.

அகர வரிசையும் தீர்வு இல்லை. 1917-இல் நியூயார்க்கில் சுதந்திரக் கலைஞர்கள் சங்கம் நடத்திய முதல் கண்காட்சியில், தேர்வுக் குழு வேண்டாம், படிநிலை வேண்டாம் என்று கலைஞர் மார்செல் டூஷாம்ப் யோசனைப்படி கலைஞர் பெயரின் அகர வரிசையில் மாட்டினார்கள். எந்த எழுத்தில் தொடங்குவது என்று சீட்டுக் குலுக்கி எடுத்ததில் 'ஆர்' வந்தது. கொள்கையாக அது நேர்மையானது. ஆனால் பார்க்கிறவருக்கு அடுத்தடுத்த படங்களுக்குள் பெயரின் முதல் எழுத்தைத் தவிர வேறு உறவு இல்லை.

பக்கத்துப் படம் எவ்வளவு பாடுபடுத்தும் என்பதற்கு 1832 நல்ல சாட்சி. லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் ஓவியர் கான்ஸ்டபிளின் வாட்டர்லூ பாலத் திறப்பு ஓவியத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஓவியரான டர்னரின் ஹெல்வெட்ஸ்லுயிஸ் கடற்காட்சி மாட்டப்பட்டிருந்தது. ஒன்றில் சிவப்பும் பொன்னும் நிறைந்திருந்தது, மற்றது சாம்பல் கடல். திறப்புக்கு முன் கலைஞர்கள் மெருகு பூசத் தரப்பட்ட நாட்களில் டர்னர் வந்து தன் சாம்பல் கடலில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். பிறகு அதை ஒரு மிதவையாக மாற்றினார். அந்தப் பொட்டுக்கு முன்னால் கான்ஸ்டபிள் கூட்டிக் கூட்டி வைத்த சிவப்பெல்லாம் மங்கியது. பக்கத்துச் சுவரில் இருப்பது நம் படத்தின் நிறத்தையே மாற்றும். அதனால் யார் யாருக்குப் பக்கம் என்பதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். குழுக் கண்காட்சியில் கியூரேட்டரின், அதாவது கண்காட்சியைத் தொகுப்பவரின், வேலையே அதுதான்.

நடைமுறையில் மூன்று விஷயம் பாருங்கள். அடர்ந்த ஒரே நிறப் பெரும்பரப்பு உள்ள படத்துக்குப் பக்கத்தில் மென்னிற நீர்வண்ணம் வேண்டாம், நீர்வண்ணம் அழுக்காகத் தெரியும். உருவம் உள்ள படத்தில் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் சுவர் முடியக்கூடாது. வாசலில் நின்றால் நேரே தெரியும் சுவருக்குப் புகழ்பெற்ற பெயரைத் தேடாதீர்கள், ஆறு மீட்டர் தூரத்திலிருந்தும் கண்ணை இழுக்கும் படத்தைத் தேடுங்கள்.

#6 வெண்சுவர்

நன்றி. மாட்டும் முறையைப் பற்றி யாராவது படிப்படியாக எழுதுவீர்களா? உயரம் 145 செ.மீ. என்கிறார்கள், 155 என்கிறார்கள்.

#7 ரசமட்டம்

படத்தின் மையம் தரையிலிருந்து 145-க்கும் 155-க்கும் இடையில் எதுவானாலும் சரி. ஒன்றைத் தேர்ந்து மூன்று அறையிலும் அதையே வையுங்கள். அறைக்கு அறை மாறினால் ஏதோ சரியில்லை என்ற உறுத்தல் மட்டும் வரும், காரணம் யாருக்கும் பிடிபடாது. நான் 150 என்று வைத்து எழுதுகிறேன்.

முதல் நாள் எதையும் சுவரில் ஏற்றாதீர்கள். படங்களைக் கம்பளத் துண்டு ஒட்டிய மரக்கட்டைகள் மேல், சுவரில் சாய்த்து வரிசைப்படுத்துங்கள். மாதிரியில் நன்றாக இருந்தது இங்கே மாறும். அந்த மாற்றத்துக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்.

இரண்டாம் நாள், லேசர் மட்டத்தால் 150-இல் கோடு விழவையுங்கள். எல்லா அளவும் இந்தக் கோட்டிலிருந்துதான், தரையிலிருந்து அல்ல. தரை 7 மீட்டரில் 2 செ.மீ. சரிந்திருப்பது சாதாரணம். தரையிலிருந்து அளந்தால் வரிசை முழுதும் சாயும். லேசர் இல்லாவிட்டால் ரசமட்டமும் சுண்ணாம்பு நூலும் போதும்.

இடைவெளிக் கணக்குக்கு ஒரு உதாரணம். சுவர் 720 செ.மீ. படங்கள் 60, 90, 120, 90, 60. கூட்டினால் 420, மிச்சம் 300. ஆறு இடைவெளிக்குச் சமமாக 50 போடலாம். ஆனால் உள்ளே நான்கு இடைவெளியை 45 ஆக்கி (180), இரு ஓரங்களுக்கும் 60 விட்டால் ஐந்தும் ஒரு குழுவாகக் கூடி நிற்கும். மூலையை ஒட்டிய படம் அடுத்த சுவரின் படத்தோடு இடிக்காமலும் இருக்கும்.

இனி ஆணி உயரம். மைய உயரம் + படத்தின் பாதி உயரம் − மேல் விளிம்பிலிருந்து தொங்கும் புள்ளி வரை உள்ள தூரம். படம் 80 செ.மீ. உயரம், கம்பியை விறைப்பாக இழுத்தால் மேல் விளிம்பிலிருந்து 7 செ.மீ. கீழே நிற்கிறது என்றால்: 150 + 40 − 7 = 183. இந்த 183 கொக்கியின் வளைவு இருக்க வேண்டிய உயரம். ஆணி அடிக்கும் துளை அதற்கு 2, 3 செ.மீ. மேலே இருக்கும். இதை மறந்து துளையை 183-இல் போட்டு வரிசை முழுக்கக் கீழே இறங்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எந்தக் கொக்கி வாங்கினீர்களோ அதில் ஒன்றை எடுத்து அந்த வித்தியாசத்தை அளந்து, பென்சிலால் கையேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

துளை போடும்போது அடியில் காகித நாடாவை மடித்து ஒரு சிறு தொட்டில் போல ஒட்டுங்கள், தூசி அதில் விழும். பக்கத்தில் படம் சாய்ந்திருக்கும் சுவரில் ட்ரில் வைக்காதீர்கள். அதிர்வில் சரியும், தூசி எண்ணெய்ப் பரப்பில் ஒட்டினால் போகாது. ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் பின்னால் 12 மி.மீ. ஒட்டுப்பலகை இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். இல்லையென்றால் கனமான படத்தை அந்தச் சுவருக்குத் திட்டமிடாதீர்கள்.

பெரிய படம் முதலில், சிறியது பிறகு. கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போகும், படமும் நழுவாது.

#8 திருகாணி

ரசமட்டம் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். கம்பியில் தொங்கவிடுவதை 10 கிலோவுக்கு மேல் நிறுத்திவிடுங்கள்.

கம்பி தளர்வாக இருந்தால் தவறு, விறைப்பாக இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. 12 கிலோ படம். கம்பி கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி உயர்ந்து நின்றால் ஒவ்வொரு பக்கமும் 12 கிலோ இழுவை. அதையே 10 டிகிரிக்கு விறைப்பாக்கினால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 34.5 கிலோ. அந்த இழுவை இரு பக்கச் சட்டங்களையும் உள்ளே வளைக்கும். சட்டத்தின் மூலைச் சந்துகள் விரிவது இதனால்தான். பலர் அதை மரத்தின் குறை என்று நினைத்துச் சட்டக் கடையைக் கேட்கிறார்கள்.

கனமான படத்துக்கு இரண்டு பக்கமும் டி (D) வடிவ வளையம், சுவரில் இரண்டு திருகாணி, நேர்ச்சுமை. கம்பியே வேண்டாம். படம் சாயவும் சாயாது. இரண்டு வளையங்களும் ஒரே உயரத்தில் இருக்கும் என்று நம்பாதீர்கள், இடது வலது இரண்டையும் தனித்தனியாக மேல் விளிம்பிலிருந்து அளந்து, அந்த வித்தியாசத்தைச் சுவரிலும் வையுங்கள். 25 கிலோவுக்கு மேல் போனால் 45 டிகிரி சரிவாக வெட்டிய இரட்டை மரப்பட்டைதான் நிம்மதி: ஒன்று சுவரில், ஒன்று படத்தின் பின்னால், ஒன்றின் மேல் ஒன்று கொக்கிக்கொள்ளும்.

#9 விளக்குத்தடம்

அறை பிரிப்பதைப் பற்றி நடுக்கோடு எழுதியது அழகு. ஆனால் அறையை முதலில் பிரிப்பது வெளிச்சம்.

நீர்வண்ணம், அச்சு, கோட்டோவியம், புகைப்படம், துணி இவற்றுக்கு 50 லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு). எண்ணெய், அக்ரிலிக்குக்கு 150 முதல் 200. கல், உலோகச் சிற்பத்துக்கு வரம்பு கவலை இல்லை. 200 லக்ஸ் எண்ணெய் ஓவியத்துக்குப் பக்கத்தில் 50 லக்ஸ் நீர்வண்ணம் வைத்தால் அது இருட்டாகத் தெரியும், உடனே யாராவது விளக்கைக் கூட்டிவிடுவார்கள். எனவே காகிதப் படைப்புகளை ஒரே அறையில், ஜன்னல் இல்லாத அறையில், சேர்த்து வையுங்கள். அறை முழுக்க 50 என்றால் இரண்டு, மூன்று நிமிடத்தில் கண் பழகிவிடும். அதற்குள் நுழையும் வழியிலேயே வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் இன்னும் நல்லது.

கணக்கைப் பாருங்கள். 50 லக்ஸ் × 8 மணி × 45 நாள் = 18,000 லக்ஸ் மணி. எளிதில் வெளுக்கும் பொருட்களுக்கு ஆண்டு முழுதுக்கும் 15,000 லக்ஸ் மணிதான் என்பது சர்வதேச ஒளியியல் ஆணையத்தின் 2004 வழிகாட்டல். ஃபெல்ட் பேனா மை, பல இயற்கைச் சாயங்கள், மலிவான வண்ண மை அச்சுகள் எல்லாம் இந்த வகை. ஒரே கண்காட்சியில் ஒரு வருடப் பங்கையும் தாண்டிவிடுகிறோம். அந்த அறையின் விளக்கை மட்டும் 6 மணி நேரத்துக்குக் குறைத்தால் 13,500, வரம்புக்குள் வரும். ஆள் நுழைந்தால் மட்டும் எரியும் உணர்விக் கருவி வைத்தால் இன்னும் குறையும். பெரும்பாலும் மறந்துபோவது ஒன்று: மாட்டும் மூன்று நாளும் வேலை விளக்கு முழு வெளிச்சத்தில் எரியும். அப்போது காகிதப் படைப்புகளைத் துணி போட்டு மூடி வையுங்கள்.

விளக்கு வைக்கும் இடம். செங்குத்திலிருந்து 30 டிகிரி. தடம் 3.6, படத்தின் மையம் 1.5, வித்தியாசம் 2.1 மீட்டர். அதை 0.577-ஆல் பெருக்கினால் 1.21 மீட்டர். தடம் சுவரிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். ஆழமான பெட்டிச் சட்டம் வந்தால் இது மாறும். 3 செ.மீ. முன்னே நிற்கும் விளிம்பு 30 டிகிரியில் படத்தின் மேல் 5 செ.மீ.க்கு நிழல் போடும், ஒரு கறுப்புப் பட்டை போல. விளக்கைப் பின்னால் தள்ளி 45 டிகிரி ஆக்கினால் நிழல் 3 செ.மீ. ஆகும். ஆனால் கண்ணாடி போட்ட படத்தில் பார்வையாளரின் தலை நிழலும் பளபளப்பும் வரும். அதனால் பெட்டிச் சட்டப் படங்களைக் கண்ணாடி இல்லாதவற்றோடு ஒரே சுவரில் சேர்ப்பது நல்லது.

எல்இடி வாங்கும்போது நிறத் துல்லியக் குறியீடு 90-க்கு மேல், முடிந்தால் 95. நிறவெப்பம் 3000 கெல்வின் என்றால் எல்லாம் 3000. பழைய விளக்கு ரெண்டு, புதிய விளக்கு ரெண்டு என்று கலந்தால் வெள்ளைச் சுவரில் மஞ்சளும் நீலமுமாகத் திட்டு விழும்.

#10 கித்தான்

கரிக்கோல், சுண்ணவண்ணப் (பேஸ்டல்) படைப்புகளுக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போட்டால் எடை குறையும், உடையாது. செய்யலாமா?

#11 காகிதக்காப்பு

வேண்டாம். சாதாரண அக்ரிலிக் தகட்டைத் துடைத்தாலே நிலைமின்சாரம் ஏறும். அது தாளில் தளர்வாக உட்கார்ந்திருக்கும் கரித்தூளையும் வண்ணத்தூளையும் இழுத்து உள்பக்கம் ஒட்டவைக்கும். படம் மெலியும், தகடு புகைபிடித்தது போல ஆகும். கரிக்கோலுக்குக் கண்ணாடிதான். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமற்ற மவுண்ட் அட்டை இடைவெளி கட்டாயம். நீர்வண்ணம், அச்சு, புகைப்படத்துக்கு அக்ரிலிக் தகடு நன்றாகவே பொருந்தும்.

பொட்டலம் பிரிப்பதைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், 30 இடத்திலிருந்து வருவதால். வந்த பெட்டியை உடனே திறக்காதீர்கள். 24 மணி நேரம் அறையிலேயே கிடக்கட்டும். குளிர்ந்த பெட்டியை ஈரமான காற்றில் திறந்தால் கண்ணாடியின் உள்பக்கமும் உலோகத்திலும் நீர் வியர்க்கும். கூடம் 40 முதல் 60 சதவீத ஈரப்பதத்தில், 16 முதல் 25 டிகிரியில் இருந்து, அது திடீர் திடீரென்று மாறாமல் இருந்தாலே போதும். சுவருக்கு நீர் சார்ந்த எமல்ஷன் மட்டும் அடியுங்கள், அடித்து ஒரு வாரமாவது காற்றோட்டமாக விடுங்கள்.

அக்ரிலிக் ஓவியத்தின் மேல் குமிழி உறை நேராகப் பட்டால் அச்சு விழும். அக்ரிலிக் படலம் அறை வெப்பத்திலேயே முழுதாகக் கெட்டியாகாது, லேசாக மெத்தென்றுதான் இருக்கும். வெயிலில் நின்ற வண்டியில் அழுத்தமும் சேர்ந்தால், பரப்பெங்கும் வட்ட வட்டமாகத் தழும்பு. அதை எடுக்க முடியாது. கலைஞர்களுக்கு அனுப்பும் அறிவுறுத்தலில் எழுதுங்கள்: பரப்பின் மேல் சிலிக்கோன் பூசிய தாள், அதற்கு மேல் அட்டை, அதற்கு மேல் குமிழி உறை, குமிழிகள் வெளிப்பக்கம் பார்க்க. பரப்பை எதுவுமே தொடாதபடி ஒரு பயணச் சட்டத்துக்குள் வந்தால் அதைவிட நல்லது.

பிரித்ததும் அந்த நிமிடமே நிலை அறிக்கை. முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, பிறகு ஒரு பக்கத்திலிருந்து சாய்ந்த வெளிச்சம் விழவைத்து ஒரு படம். மேடு, பள்ளம், செதில், விரிசல் எல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும். "நல்ல நிலை" என்று எழுதுவது அறிக்கை ஆகாது. "இடது கீழ் மூலையிலிருந்து 4 செ.மீ. மேலே, 6 மி.மீ. நீள விரிசல், வண்ணம் உதிரவில்லை" என்று எழுதுங்கள். திருப்பி அனுப்பும் நாளில் இதே தாளை வைத்துத்தான் பேச முடியும். பெட்டிகளையும் உறைகளையும் தூக்கிப் போடாமல், படைப்பின் எண்ணை எழுதி வையுங்கள்.

#12 கடனேடு

ஆண்டு விழாக் கண்காட்சிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பழைய முக்கியப் படைப்புகள் கூடத்தில் இருக்காது, விற்றுப் போயிருக்கும். வாங்கியவர்களிடம் இரவல் கேட்க வேண்டும். தனியார் சேகரிப்பு என்றால் மூன்று, நான்கு மாதம் முன்னால். அருங்காட்சியகம் என்றால் ஆறு மாதமாவது. அவர்கள் உங்கள் அறையின் வெளிச்சம், ஈரப்பதம், காவல் பற்றி எழுத்தில் விவரம் கேட்பார்கள்.

காப்பீடு "ஆணியிலிருந்து ஆணி வரை" இருக்கட்டும்: உரிமையாளர் சுவரிலிருந்து எடுக்கும் நொடி முதல் திரும்ப அங்கே மாட்டும் நொடி வரை. கூடத்துக்குள் இருக்கும்போது மட்டும் என்று எடுத்த காப்பீடு பாதி உபயோகம்தான், சேதம் அதிகம் நடப்பது பயணத்தில். மதிப்பை இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எண்ணாக எழுதுங்கள். பகுதிச் சேதமானால் பழுது நீக்கும் செலவு மட்டுமா, மதிப்புக் குறைவும் சேருமா என்பதையும் எழுதுங்கள்.

கலைஞரோடு ஒப்பந்தத்தில்: வரும் தேதி, திரும்பும் தேதி, விற்பனை விலை, கூடத்தின் பங்கு, தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கிலிருந்து, விற்ற பணம் எத்தனை நாளில், சட்டச் செலவு யாருடையது, திரும்ப அனுப்பும் செலவு யாருடையது. கடைசி இரண்டும்தான் அதிகம் மனக்கசப்பைக் கொண்டுவருகின்றன, இரண்டும் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

நாடு விட்டு நாடு வருவதானால் மரப்பெட்டி ஐஎஸ்பிஎம் 15 (மரம் வழியாகப் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரையோடு இருக்க வேண்டும். மரத்தின் உட்பகுதியை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவது போன்ற அங்கீகரித்த முறையில் பதப்படுத்தியதற்கான அடையாளம் அது. ஒட்டுப்பலகைக்கு அது தேவையில்லை. தற்காலிக இறக்குமதிக்கு ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் வசதிதான், ஆனால் அது திரும்பிப் போகும் பொருளுக்கு. விற்பனைக்கு வைக்கும் படைப்பை அதில் கொண்டுவந்தால் சிக்கல்.

#13 வெண்சுவர்

கூடமே விற்ற படைப்புதான், புகைப்படமும் கூடத்திடம் இருக்கிறது. அதை ஆண்டு மலரில் அச்சிட யாரிடமாவது கேட்க வேண்டுமா?

#14 கடனேடு

கேட்க வேண்டும். படத்தை வாங்கியவருக்குப் படம்தான் சொந்தம், பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும், எழுதிக் கொடுத்திருந்தால் தவிர. மறைந்த கலைஞர் என்றால் வாரிசுகளிடம். பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் ஒப்பந்தத்தின்படி குறைந்தது மறைவுக்குப் பின் 50 ஆண்டு, பல நாடுகளில் 60 அல்லது 70. புகைப்படம் எடுத்தவரின் உரிமை அதிலிருந்து தனி. 25 ஆண்டுக்கு முன் எடுத்த ஸ்லைடுகள் யார் எடுத்தவை என்று இப்போதே தேடத் தொடங்குங்கள்.

#15 அச்சுத்தாள்

மலர் பற்றிச் சுருக்கமாக. 16 பக்கம் ஒரு மடிப்பு. ஆளுக்கு 2 பக்கம் 60, கட்டுரை 10, பட்டியல் 6, முகப்புப் பக்கங்கள் 4. மொத்தம் 80, சரியாக ஐந்து மடிப்பு. 82 என்று போனால் கூடுதல் மடிப்புக்கான செலவு வரும்.

20 செ.மீ. அகலத்தில் அச்சாக 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2,362 பிக்சல் வேண்டும். கைப்பேசியில் செய்தியாக அனுப்பிய படம் சுருங்கி வந்திருக்கும், அதை ஏற்காதீர்கள். ஒவ்வொரு படத்தோடும் நிற அட்டை வைத்து எடுத்த ஒரு பிரதி கேளுங்கள். அல்ட்ராமரின் நீலம், காட்மியம் ஆரஞ்சு, ஒளிரும் வண்ணங்கள் நான்கு நிற அச்சில் முழுதாக வராது. கலைஞருக்கு அச்சு மாதிரியை முன்கூட்டியே காட்டிவிட்டால் பின்னால் வருத்தம் இல்லை. அந்த இடத்துக்கென்றே செய்யும் நிறுவல் படைப்புகள் திறப்புக்கு முன் படமாக இருக்காது. அவற்றுக்கு ஒரு மடிப்பை மட்டும் நிறுத்தி வைத்து, மாட்டி முடித்த பிறகு அச்சடித்து, கண்காட்சி நடக்கும்போதே சேர்த்துக் கட்டுங்கள்.

#16 ஒலிக்கதவு

இரண்டு வீடியோவையும் அடுத்தடுத்த அறையில் வைக்காதீர்கள். நடுவில் காகித அறை இருக்கட்டும், அது எப்படியும் இருட்டு அறைதான். ஒன்றுக்கு ஹெட்போன், ஒன்றுக்கு ஒலிபெருக்கி. எதற்கு எது என்று கலைஞரே சொல்லட்டும், ஒலி அவருடைய படைப்பின் பாகம்.

புரொஜெக்டர் தூரம்: வீச்சு விகிதம் (தூரம் ÷ பட அகலம்) 1.5, படம் 2 மீட்டர் அகலம் வேண்டுமென்றால் 3 மீட்டர் தள்ளி. மின்சாரம் போய் வந்தால் தானாகத் தொடங்கி, தானாகச் சுற்றும் கருவியாக இருக்க வேண்டும். மடிக்கணினி வைத்தால் புதுப்பிப்பு அறிவிப்பு திரையில் வந்து நிற்கும். சுற்று முடிந்து தொடங்கும் இடத்தில் ஒரு நொடி கறுப்போ கருவியின் பெயரோ வருகிறதா என்று திறப்புக்கு முன் முழு நீளமும் ஓடவிட்டுப் பாருங்கள்.

#17 பீடம்

சிற்பங்களை மறந்துவிட்டீர்கள். திறப்பு நாள் கூட்டத்தில் முதுகுப்பை இடித்து விழுவது சிற்பம்தான். பீடத்துக்குள் மணல் மூட்டை வையுங்கள், இரண்டு மூட்டை உள்ளே அடியில் கிடந்தாலே இடிப்பைத் தாங்கும். சிறு வெண்கலத்தை மைக்ரோகிரிஸ்டலின் மெழுகால் பீடத்தோடு நிறுத்துங்கள், மெழுகுப் பொட்டு கடுகு அளவு மூன்று, நான்கு போதும். எடுக்கும்போது மேலே இழுக்காமல் மெதுவாகத் திருப்புங்கள். துளையுள்ள கல்லுக்கும் மெருகில்லாத சுடுமண்ணுக்கும் மெழுகு வேண்டாம், ஊறிக் கறையாகும். சுற்றி ஒரு மீட்டராவது நடக்க இடம். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் ஓவியத்தைப் பார்க்கப் பின்வாங்கும் ஒருவர் பீடத்தின் மேல் மோதாத இடமா என்று நீங்களே பின்னோக்கி நடந்து பாருங்கள்.

#18 நடுக்கோடு

பெயர்ப்பலகை: கலைஞர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு, யாருடைய சேகரிப்பு. அளவு எப்போதும் உயரம் × அகலம் × ஆழம். 30 பேர் 30 விதமாக அனுப்புவார்கள், அகலத்தை முதலில் எழுதியவர்களைப் பிடிக்க ஒரே வழி படத்தோடு ஒப்பிடுவது. "கலப்பு ஊடகம்" என்று வந்தால் என்னென்ன என்று திருப்பிக் கேளுங்கள். "தாளில் தேயிலைக் கறை, கரி, நூல்" என்று படித்தவர் திரும்ப ஒரு முறை படத்தைப் பார்ப்பார். அச்சுக்கும் புகைப்படத்துக்கும் பதிப்பு எண் (மொத்தப் பிரதிகளில் இது எத்தனையாவது) கட்டாயம். பலகை படத்தின் வலது பக்கம், எல்லாம் ஒரே உயரத்தில். வலப்பக்கம் இடமில்லாத ஒன்றுக்கு மட்டும் இடப்பக்கம் ஒட்டினால் அது பக்கத்துப் படத்தின் பெயராகிவிடும்.

#19 வெண்சுவர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. 24 பேருக்கும் ஒன்று, மிச்ச நான்கு இடம் இரவல் படைப்புகளுக்கு என்று வைக்கிறேன். கடைசியாக ஒன்று: விற்ற படைப்பை வாங்கியவர் நடுவிலேயே எடுத்துப் போகக் கேட்டால்?

#20 கடனேடு

கண்காட்சி முடியும் தேதிக்குப் பிறகுதான் என்று விற்பனைச் சீட்டிலேயே அச்சிடுங்கள். ஒன்றை எடுத்தால் அந்தச் சுவர் முழுக்க இடைவெளி மாறும், பக்கத்துப் படம் தனியாக நிற்கும். வெளிநாடு கிளம்புகிறார் போன்ற தவிர்க்க முடியாத காரணம் என்றால், அதே கலைஞரின் அதே அகலமுள்ள மாற்று ஒன்று கூடத்தில் இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். அழைக்கும்போதே சுவருக்கு ஒன்று, இருப்பில் ஒன்று என்று கேட்டு வாங்கிவிட்டால் இது எளிது. அந்த இரண்டாவதையும் காப்பீட்டுப் பட்டியலில் சேர்க்க மறக்காதீர்கள்.